நஹானி ஆத்துல எட்டு நாள் ராஃப்ட்டிங்: முதல் தடவை போறவங்களுக்கு முழுமையான வழிகாட்டி

கனடாவோட வடமேற்குப் பிரதேசத்துல ஓடுற சவுத் நஹானி ஆத்துல கைடோட ராஃப்ட்ல, அதாவது காத்தடைச்ச ரப்பர் படகுல, போகணும்னு ஆசைப்படுறவங்க எல்லாரும் முதல்ல கேக்குற கேள்வி "எனக்கு நீச்சல் அவ்வளவா வராதே, அலை ரொம்பப் பெருசா இருக்குமா"ங்கறதுதான். நானும் அதைத்தான் கேட்டேன். போயிட்டு வந்ததுக்கப்புறம் சொல்றேன், வர்ஜீனியா அருவிக்குக் கீழ இருந்து நஹானி பியூட் ஊர் வரைக்கும் ஆறு வேகமா ஓடும், ரெண்டு மூணு இடத்துல வயித்தைக் கலக்கும், ஆனா பழகின கைடு துடுப்பைப் புடிச்சா அலை உங்களை ஒண்ணும் பண்ணாது. ஆளை அசத்திப் போடுறது குளிரும் ஈரமும்தான், அடுத்தது பிளேனுக்குக் காத்திருக்கறது. இந்த மூணுக்கும் தயாரா போனவங்க எட்டு நாளும் வாய் ஓயாம சிரிச்சுக்கிட்டே வந்தாங்க. தயாரில்லாம வந்தவங்க மூணாவது நாளே எப்ப முடியும்னு கேக்க ஆரம்பிச்சுட்டாங்க. அதனால அலையைப் பத்தி எழுதறதை விட துணி, பை, நாள் கணக்கு பத்தி இங்க நிறைய எழுதியிருக்கேன், பொறுமையா படிங்க.

படி 1: எங்க இருந்து எதுவரைக்கும்னு முடிவு பண்ணுங்க

நஹானி பூங்காவுக்குள்ள ரோடே கிடையாது. 1976ல தேசியப் பூங்கா ஆச்சு, 1978ல யுனெஸ்கோ முதல்முதலா உலகப் பாரம்பரியப் பட்டியல் போட்டப்ப அதுல இருந்த 12 இடத்துல இதுவும் ஒண்ணு. 2009ல விரிவாக்கினதுக்கு அப்புறம் கிட்டத்தட்ட 30,000 சதுர கிலோமீட்டர், அதாவது தமிழ்நாட்டுல கால்வாசிக்குக் கொஞ்சம் கம்மி, அத்தனையும் காடும் மலையும். ஒரு காலத்துல வர்ஜீனியா அருவியில மின்சாரத்துக்கு அணை கட்டலாம்னு பேச்சு இருந்துச்சு. 1970ல அப்போதைய பிரதமர் பியேர் ட்ரூடோ நேர்லயே வந்து இந்த ஆத்துல போனாரு, அதுக்கப்புறம்தான் பூங்கா வேலை சூடு புடிச்சுது. ஆனா இது டெஹ்சோ டெனே பழங்குடி மக்களோட பூமி, அவங்க இதை நஹ்ஆ டெஹேன்னு சொல்றாங்க, ட்ரூடோ வர்றதுக்கு எத்தனையோ தலைமுறை முன்னாடி இருந்தே.

மேல ரேபிட்கெட்டில் ஏரியில இருந்தும் ஆரம்பிக்கலாம், ஆனா அது பெரும்பாலும் கேனோங்கற ஒல்லியான துடுப்புப் படகுக்காரங்க போற ரூட், நாளும் கூட ஆகும். ராஃப்ட்டுக்கு, அதுவும் முதல் தடவைன்னா, அருவிக்கிட்ட பிளேன்ல போய் இறங்கி அங்க இருந்து கீழ வர்ற எட்டு நாள் பயணம்தான் சரி. நாலு கேன்யனும், அதாவது ஆறு அறுத்த செங்குத்தான பள்ளத்தாக்கும், அதுலயே வந்துடும்.

படி 2: மாசம்

சீசன்னு பாத்தா ஜூன் நடுவுல இருந்து ஆகஸ்ட் கடைசி வரைதான். ஜூன்ல பனி உருகி தண்ணி ஏறி இருக்கும், சூரியன் கிட்டத்தட்ட 20 மணி நேரம் வானத்துல நிக்கும், கொசுவும் அதே அளவுக்கு இருக்கும். ஜூலையில கொஞ்சம் வெதுவெதுன்னு இருக்கும், பெரும்பாலானவங்க அப்பதான் போறாங்க. ஆகஸ்ட் பாதிக்கு மேல கொசு குறையும், ராத்திரி நிஜமாவே இருட்டும், அதிர்ஷ்டம் இருந்தா பச்சைப் பச்சையா வடதுருவ ஒளி தெரியும், ஆனா காலையில கூடாரத்து மேல உறைபனி படிஞ்சிருக்கும். நான் ஆகஸ்ட் ரெண்டாவது வாரம் போனேன், திரும்பவும் போனா அதே வாரம்தான் எடுப்பேன்.

ஒரு விஷயத்தை மட்டும் மனசுல வச்சுக்கோங்க, காட்டுத்தீ. 2023 ஆகஸ்ட்ல யெல்லோநைஃப் ஊரையே காலி பண்ணச் சொன்னாங்க. புகை மூடினா சின்ன பிளேன் ஏறாது. ட்ரிப் கேன்சல் ஆனா பணம் எப்படித் திரும்பும்னு புக் பண்றதுக்கு முன்னாடியே எழுத்துல வாங்கி வச்சுக்கோங்க.

படி 3: கம்பெனிகிட்ட என்ன கேக்கணும்

இந்த ஆத்துல பார்க்ஸ் கனடா, அதாவது தேசியப் பூங்காக்களைப் பாத்துக்கற அரசு அமைப்பு, அதுகிட்ட லைசென்ஸ் வாங்கின கம்பெனிங்கதான் கைடோட ஆள் கூட்டிட்டுப் போக முடியும், அதுவும் ஒரு கை விரல்ல எண்ணிடலாம். செலவு 5,000 கனடியன் டாலருக்குக் கீழ வரும்னு எதிர்பார்க்காதீங்க, பெரும்பாலும் அதை விட நல்லாவே மேல போகும், ஏன்னா அதுல பெரிய பங்கு பிளேனுக்கே போயிடுது. வெலையை விட இந்தக் கேள்விங்க முக்கியம்: எத்தனை பேருக்கு ஒரு கைடு? கைடுங்களுக்கு ஓடுற தண்ணியில மீட்புப் பயிற்சி இருக்கா, காட்டுக்குள்ள முதலுதவி செய்யற அந்த 80 மணி நேரக் கோர்ஸ் முடிச்சிருக்காங்களா? சேட்டிலைட் போன் ஒண்ணுதானா, இல்ல பேக்கப் இருக்கா? ட்ரை சூட் (தண்ணி உள்ள போகாத முழு உடுப்பு) குடுப்பீங்களா, இல்ல மழைக்கோட்டும் ரப்பர் பூட்ஸும்தானா?

இதுக்கெல்லாம் ஒருத்தர் இழுத்து இழுத்துப் பதில் சொன்னா வேற கம்பெனி பாருங்க. அதே மாதிரி நீங்களும் எதையும் மறைக்காதீங்க. நீச்சல் தெரியாதுன்னா தெரியாதுன்னு ஃபார்ம்ல எழுதுங்க, சுகர், பிரஷர், முட்டி வலி எல்லாத்தையும் எழுதுங்க. சைவம்னா அதையும் தெளிவா சொல்லிடுங்க, முட்டை சேர்த்துக்குவீங்களா இல்லையான்னு கூட, ஏன்னா ஆத்துல இறங்கினப்புறம் கடையே கிடையாது, எட்டு நாள் சாப்பாடும் முதல் நாளே பெட்டிக்குள்ள போயிடும். ஹெலிகாப்டர்ல தூக்கிட்டு வர்ற செலவையும் சேர்த்த இன்சூரன்ஸ் எடுக்காம போகவே போகாதீங்க.

படி 4: போய்ச் சேர்றது, அதுக்கு மேல ரெண்டு நாள்

எட்மன்டன்ல இருந்து யெல்லோநைஃப், அங்க இருந்து ஃபோர்ட் சிம்ப்சன். மெக்கன்சி ஆறும் லியார்ட் ஆறும் சேர்ற இடத்துல இருக்க சின்ன ஊர் அது. இந்தியா, இலங்கை பாஸ்போர்ட் வச்சிருக்கவங்க விசிட்டர் விசாவுக்கு சீக்கிரமே அப்ளை பண்ணிடுங்க.

ட்ரிப்புக்கு முன்னாடி ஒரு நாள், பின்னாடி ரெண்டு நாள் சும்மா விட்டு டிக்கெட் போடுங்க. வானிலை அந்த ஊர்ல யாருக்கும் வளைஞ்சு குடுக்காது. 1984ல போப் ரெண்டாம் ஜான் பால் ஃபோர்ட் சிம்ப்சன் வர்றதா இருந்தாரு, ஜனங்க எல்லாரும் கூடி நின்னாங்க, பனிமூட்டத்துல அவரு பிளேன் எறங்கவே முடியல, திரும்பிப் போயிட்டாரு. வர்றேன்னு குடுத்த வாக்கைக் காப்பாத்த மூணு வருஷம் கழிச்சு 1987ல திரும்ப வந்தாரு. போப்புக்கே அந்த நிலைமைன்னா நம்ம கனெக்டிங் ஃப்ளைட் எம்மாத்திரம். எங்க குரூப்புலயே ஒரு அக்கா திங்கட்கிழமை ஆபீஸ் போகணும்னு ஞாயித்துக்கிழமைக்கு டிக்கெட் போட்டுட்டு கடைசி ரெண்டு நாளும் வானத்தையே பாத்துக்கிட்டு வந்தாங்க, பாவமா இருந்துச்சு.

படி 5: துணி

காட்டன் வேண்டாம். டீ ஷர்ட், ஜீன்ஸ், பனியன், லுங்கி, எதுவா இருந்தாலும் வீட்டுலயே வச்சுடுங்க. காட்டன் நனைஞ்சா தண்ணியைப் புடிச்சு வச்சுக்கிட்டு உடம்புச் சூட்டை உறிஞ்சும், அந்த ஊர் காத்துல அது காயவும் காயாது. உடம்பை ஒட்டி மெரினோ கம்பளி இல்லேன்னா பாலியஸ்டர்ல ஒரு அடுக்கு, அதுக்கு மேல ஃப்ளீஸ், அதுக்கு மேல மெல்லிசான பஃபி ஜாக்கெட், எல்லாத்துக்கும் மேல தண்ணி உள்ள இறங்காத கோட்டும் பேன்ட்டும். கோட்டு விஷயத்துல காசு பாக்காதீங்க. கம்பளி சாக்ஸ் நாலு ஜோடி, அதுல ஒரு ஜோடியைத் தூங்கறதுக்கு மட்டும்னு தனியா வச்சுடுங்க, என்ன ஆனாலும் அதைப் போட்டுக்கிட்டு வெளிய இறங்காதீங்க. நம்ம ஊர்ல ஊட்டி போறப்ப போடுற அதே மங்கி கேப் இங்க அருமையா வேலை செய்யும், காது கழுத்து ரெண்டையும் மூடிடும், ஹெல்மெட்டுக்கு அடியிலயும் அடங்கும். முட்டிக்குக் கீழ வரைக்கும் வர்ற ரப்பர் பூட்ஸ் கண்டிப்பா வேணும், ஏன்னா ராஃப்ட்ல ஏறி எறங்கறது எல்லாமே தண்ணியில கால வச்சுத்தான்.

கொசுவுக்கு தலையில போடுற வலை ஒண்ணு, சின்ன விஷயம்தான், ஆனா சாயங்காலம் அதோட அருமை தெரியும்.

படி 6: ட்ரை பேக் கட்டறது

ட்ரை பேக்னா வாயைச் சுருட்டி மூடுற, தண்ணி உள்ள போகாத பை. இதைக் கட்டறதை வீட்டுலயே அஞ்சாறு தடவை பழகிட்டு வாங்க, சொல்றதை வரிக்கு வரி செய்ங்க. தூங்கற பையை முதல்ல ஒரு தனி பிளாஸ்டிக் கவர்ல போட்டு அடியில தள்ளுங்க, அதுக்கு மேல ராத்திரித் துணி, மேலாக அடிக்கடி எடுக்கறது. வாய் வரைக்கும் அடைக்காதீங்க, ஒரு சாண் இடம் விடணும். அப்புறம் பையை நிக்க வச்சு முட்டியைப் போட்டு மேல அமுக்குங்க, உள்ள இருக்க காத்து புஸ்ஸுன்னு வெளிய வரும், அது முழுசா வந்ததும் வாய் ரெண்டு பக்கத்தையும் சுருக்கம் இல்லாம நேரா ஒட்டி வச்சு, மணல் ஒட்டியிருக்கான்னு விரலால தடவிப் பாத்துட்டு, குறைஞ்சது மூணு சுத்து இறுக்கமா சுருட்டி பக்கிள் போடுங்க.

நான் ரெண்டாவது நாள் காலையில அவசரத்துல ரெண்டு சுத்துதான் சுருட்டினேன். அன்னைக்கு மதியம் வரைக்கும் மழை, பை ராஃப்ட்டோட அடியில தேங்கின தண்ணியில மூணு மணி நேரம் கிடந்துச்சு. சாயங்காலம் திறந்தா தூங்கற பையோட கால் பக்கம் சொட்டச் சொட்ட. வெளிய 4 டிகிரி. கைடு ஒரு பாட்டில்ல வெந்நி ஊத்தி சாக்ஸுக்குள்ள போட்டு குடுத்தாரு, அதைக் கட்டிப் புடிச்சுக்கிட்டு முட்டியை நெஞ்சோட மடக்கிக்கிட்டு விடிய விடியக் கிடந்தேன். அந்த மூணாவது சுத்துக்கு ஆகறது அஞ்சு செகண்ட்.

படி 7: பிளேன், அருவி, சுமை

ஃபோர்ட் சிம்ப்சன்ல மிதவை மாட்டின பிளேன் ஏறணும், ட்வின் ஆட்டர் பெரும்பாலும். ஆளையும் பையையும் சேர்த்து எடை போடுவாங்க, கூச்சப்படாதீங்க, கம்பெனி சொன்ன கிலோவுக்கு மேல ஒரு கிலோ கூட ஏத்த மாட்டாங்க. பிளேன் அருவிக்குக் கொஞ்சம் மேல, ஆறு அமைதியா இருக்க இடத்துல தண்ணி மேலயே எறங்கும்.

வர்ஜீனியா அருவி 96 மீட்டர், நயாகராவைப் போல கிட்டத்தட்ட ரெண்டு மடங்கு உசரம். நடுவுல கோபுரம் மாதிரி ஒரு பாறை நின்னு தண்ணியை ரெண்டாப் பிரிக்குது, மேசன்ஸ் ராக்னு பேரு. டெனே மொழியில இந்த அருவி நாய்லிச்சோ. கேம்ப்ல படுத்தா தரை அதிர்றது முதுகுல தெரியும். ஒரு நாள் முழுசா இங்க வச்சிருக்க ட்ரிப்பா பாத்து எடுங்க, எதிர்க்கரையில சன்பிளட் மலை ஏறினா ஆறு வளைஞ்சு வளைஞ்சு வந்து விழறது முழுசும் ஒரே பார்வையில தெரியும்.

இங்க ஒரு வேலை இருக்கு, விளம்பரத்துல இதைச் சின்ன எழுத்துல போடுவாங்க. ராஃப்ட், ஃபிரேம், சாப்பாட்டுப் பெட்டி, கூடாரம், எல்லாத்தையும் அருவிக்கு மேல இருந்து அடிவாரத்துக்கு தோள்ல தூக்கிட்டு எறங்கணும். ஒரு கிலோமீட்டருக்கு மேல இருக்கும், பாதி மரப்பலகை நடைபாதை, பாதி செங்குத்தா வளைஞ்சு இறங்கற மண்பாதை. நாங்க ஆளுக்கு மூணு நடை நடந்தோம். ட்ரிப்புக்கு ரெண்டு மாசம் முன்னாடியே முதுகுல 10 கிலோ பையைப் போட்டுக்கிட்டு மாடிப்படி ஏறி எறங்கப் பழகுங்க, எறங்கறதுதான் முக்கியம், முட்டி அங்கதான் மாட்டும்.

படி 8: ராஃப்ட்ல ஏறுறதுக்கு முன்னாடி

கைடு கரையில அரை மணி நேரம் பேசுவாரு, போனை உள்ள வச்சுட்டு அதை மட்டும் கேளுங்க. லைஃப் ஜாக்கெட்டை இறுக்கினப்புறம் யாரையாவது தோள்பட்டையைப் புடிச்சு மேல இழுக்கச் சொல்லுங்க, அது காதுக்கு மேல வந்தா தளர்வா இருக்குன்னு அர்த்தம். விழுந்துட்டா மல்லாந்து படுத்து காலை முன்னாடி நீட்டி, கால் கட்டை விரல் தண்ணிக்கு மேல தெரியற மாதிரி மிதக்கணும். முட்டி ஆழத்துக்கு மேல ஓடுற தண்ணியில எழுந்து நிக்கப் பாக்காதீங்க, ரெண்டு கல்லுக்கு நடுவுல கால் சிக்கினா ஆறு ஆளை முன்னாடி சாய்ச்சு அமுக்கிடும். கயிறு வீசினா கயித்தை நெஞ்சோட புடிச்சுக்கிட்டு தோள் மேல போட்டு மல்லாந்துடுங்க, கையில சுத்திக்காதீங்க. குறுக்க விழுந்த மரம் எதிர்ல வந்தா அப்ப மட்டும் குப்புறத் திரும்பி அதை நோக்கி வேகமா நீந்தி மேல ஏறணும், அடியில போயிடக் கூடாது. கைடு "ஹை சைட்"னு கத்தினா ராஃப்ட் பாறையில முட்டப் போகுதுன்னு அர்த்தம், எல்லாரும் அந்தப் பாறை இருக்க பக்கமா பாஞ்சு உக்காரணும். மனசு எதிர்ப்பக்கம்தான் ஓடச் சொல்லும், அதனாலதான் கரையிலயே நாலு தடவை பண்ணிப் பாக்க வைப்பாங்க.

குளிர் தண்ணி உடம்பை என்ன பண்ணும்ங்கறதுக்கு மனிடோபா பல்கலைக்கழகப் பேராசிரியர் கோர்டன் கீஸ்பிரெக்ட் சொன்ன 1-10-1 கணக்கை ஞாபகம் வச்சுக்கோங்க. முதல் 1 நிமிஷம் மூச்சு தாறுமாறா இழுக்கும், அதை அடக்கறது மட்டும்தான் வேலை. அடுத்த 10 நிமிஷம் கை கால் சொன்ன பேச்சைக் கேக்கும், அதுக்குள்ள ஏறிடணும். உடம்புச் சூடு குறைஞ்சு நினைவு தப்ப சுமார் 1 மணி நேரம் ஆகும். விழுந்த உடனே செத்துடுவோம்னு பதறித்தான் நிறையப் பேர் தண்ணியைக் குடிக்கறாங்க. மூச்சை வெளிய விட்டு எண்ணுங்க, ஜாக்கெட் உங்களைத் தாங்கும்.

படி 9: நாலு, மூணு, ரெண்டு, ஒண்ணு

கேன்யனுக்கெல்லாம் நம்பர் தலைகீழா இருக்கும். முன்னாடி வந்தவங்க கீழ இருந்து ஆத்தை எதிர்த்து ஏறி வந்தாங்க, அதனால அவங்களுக்கு முதல்ல வந்தது ஒண்ணாவது, நமக்கு அது கடைசி.

நாலாவது கேன்யன் அருவி அடியிலயே ஆரம்பிக்கும், மஞ்சளும் சிவப்புமா சுவரு, தொடர்ச்சியா அலை வரும், முன்னாடி உக்காந்தவங்க நனையறது நிச்சயம். அதுக்கப்புறம் ஃபிகர் எய்ட், ஹெல்ஸ் கேட்னும் சொல்லுவாங்க, இந்தப் பயணத்துலயே கைடுங்க குரல் மாறுற ஒரே இடம். ஆறு நேரா வந்து ஒரு பாறைச் சுவத்துல முட்டி செங்கோணமாத் திரும்புது, முட்டின தண்ணி ரெண்டாப் பிரிஞ்சு ரெண்டு பக்கமும் எதிரெதிரா சுழலுது, மேல இருந்து பாத்தா எட்டு போட்ட மாதிரி. கைடு முதல்ல கரையில ஒதுக்கிட்டு நடந்து போய் மேல நின்னு பாப்பாரு. நீங்களும் கூடப் போய் பாருங்க. பாத்துட்டு வர்ற வயித்துக்கு, பாக்காம உக்காந்திருக்க வயித்தை விட கலக்கம் கம்மி. நடந்து சுத்திப் போறதுக்கு பாதையும் இருக்கு, வேணும்னா கேளுங்க, யாரும் ஒண்ணும் நினைக்க மாட்டாங்க.

மூணாவது கேன்யன்ல தி கேட்னு ஒரு இடம், ஆறு ஒரு கொண்டை ஊசி வளைவு எடுத்து செங்குத்தான சுவருங்களுக்கு நடுவுல புகுந்து வெளிய வருது, அங்க புல்பிட் ராக்னு தனியா ஒரு தூண். அங்க யாருமே பேசல, எங்க கைடும் துடுப்பைத் தூக்கி வச்சுட்டாரு. அப்பதான் அந்தச் சத்தம் கேட்டுச்சு, ராஃப்ட்டோட அடி ரப்பர்ல உஸ்ஸ்ஸ்னு, எண்ணெய்ச் சட்டியில கடுகு பொரியறதுக்கு முன்னாடி வருமே அந்த மாதிரி. காதை ட்யூப் மேல வச்சுக் கேட்டேன். ஆறு கொண்டு வர்ற நுண்ணிய மண்ணு ரப்பர்ல உரசிக்கிட்டே போற சத்தமாம் அது.

மலை முதல்ல வந்து ஆறு அப்புறம் அதை அறுத்துச்சுன்னுதான் நான் நினைச்சிருந்தேன். இங்க ஆறு முதல்லயே இருந்திருக்கு, சமதரையில வளைஞ்சு நெளிஞ்சு ஓடிக்கிட்டு. பூமி மெதுவா மேல எழும்ப எழும்ப, அது தன் வளைவை விடாம அதே தடத்துல அறுத்துக்கிட்டே கீழ எறங்கியிருக்கு. சமவெளி ஆத்துக்கு இருக்க நெளிவு ஆயிரம் மீட்டர் ஆழக் கேன்யனுக்குள்ள எப்படி வந்துச்சுங்கறதுக்கு அதுதான் காரணம்.

ரெண்டாவது கேன்யன் தாண்டினா டெட்மென் வேலி. தங்கம் தேடி வந்த மெக்லியாட் சகோதரர்களோட உடல் தலையில்லாம 1908ல இங்க கிடைச்சுது, பேரு அதனாலதான். ப்ரேரி க்ரீக் ஓரமா ஒரு நாள் தங்கினா டால் செம்மறியாடுங்க, வெள்ளை வெளேர்னு, பாறையில நிக்கறதைப் பாக்கலாம். பைனாகுலர் கொண்டு வாங்க.

ஒண்ணாவது கேன்யன் ஜார்ஜஸ் ரிஃபிள்ங்கற அலையடிக்கற இடத்துல ஆரம்பிச்சு லாஃபர்ட்டி ரிஃபிள் பக்கம் முடியும், சுண்ணாம்புப் பாறைச் சுவரு ரெண்டு பக்கமும், கழுத்து வலிக்கற வரைக்கும் அண்ணாந்து பாக்கணும்.

படி 10: கேம்ப் பழக்கம்

கருங்கரடியும் கிரிஸ்லியும் இருக்க இடம். சாப்பாடு மட்டும் இல்ல, வாசனை வர்ற எதுவுமே கூடாரத்துக்குள்ள போகக் கூடாது. டூத்பேஸ்ட், சோப்பு, லிப் பாம், தேங்காயெண்ணெய், அம்மா குடுத்தனுப்பின பூண்டு ஊறுகாய், எல்லாம் சமையல் பெட்டிக்குள்ள. ஊறுகாய் கொண்டு வாங்க, எட்டு நாள் ரொட்டிக்கும் பாஸ்தாவுக்கும் அது தெய்வம், எங்க கைடே தினம் கேட்டு வாங்கித் தின்னாரு, ஆனா டப்பா இறுக்கமா மூடணும். பெப்பர் ஸ்ப்ரேயை பயணிகள் விமானத்துல ஏத்த விட மாட்டாங்க, கம்பெனியே குடுக்கும், எப்படி அடிக்கறதுன்னு முதல் நாளே கேட்டுக்கோங்க. புதர்ப் பக்கம் போனா சத்தமா பேசிக்கிட்டே போங்க.

குடிக்க பக்கத்து ஓடைத் தண்ணியைப் புடிச்சு வடிகட்டுவாங்க. ஓடை இல்லாத கேம்ப்ல ஆத்துத் தண்ணியை வாளியில புடிச்சு ராத்திரி முழுசும் தெளிய விடணும், சில கைடுங்க ஒரு சிட்டிகை படிகாரம் போடுவாங்க. நம்ம பாட்டிங்க பானையில தேத்தாங்கொட்டை உரசினதும் இதே வேலைக்குத்தான்னு நான் சொன்னதும் அவங்க அதைப் பத்தி அரை மணி நேரம் கேட்டாங்க.

அடுப்பு எரிக்கறது எங்க, கழிவறை எங்கன்னு கைடு ஒவ்வொரு கேம்ப்லயும் காட்டுவாரு, அதை மீறி வேற எங்கயும் போகாதீங்க.

படி 11: வெந்நீர் ஊத்து, ஸ்ப்ளிட்ஸ், கரை

ஒண்ணாவது கேன்யன் முடியறப்ப கந்தக வாசனை மூக்குல ஏறும், க்ரவுஸ் வெந்நீர் ஊத்து. கஸ் க்ரவுஸும் மேரி க்ரவுஸும் 1971 வரைக்கும் இங்கதான் வீடு கட்டி வாழ்ந்தாங்க. ஏழு நாள் குளிருக்கப்புறம் அந்தச் சேத்துல கழுத்து வரைக்கும் எறங்கி உக்காந்தப்ப எனக்கு நிஜமாவே கண்ணுல தண்ணி வந்துடுச்சு. வெள்ளி நகை போட்டிருந்தா கழட்டிட்டு எறங்குங்க, கறுத்துடும்.

அதுக்குக் கீழ ஆறு பத்துப் பதினஞ்சு கிளையாப் பிரியற ஸ்ப்ளிட்ஸ். அலை இல்ல, ஆனா ஆத்துல சாய்ஞ்ச மரங்க நிறைய, ஜாக்கெட்டைக் கழட்டிடலாமேன்னு தோணும், கழட்டாதீங்க. எதிர்க்காத்து அடிச்சா நீங்களும் துடுப்பு போடணும். கரையில காட்டெருமை தெரிஞ்சா தூரத்துல இருந்தே படம் எடுங்க.

சில ட்ரிப் நஹானி பியூட் ஊர்ல முடியும், சிலது லியார்ட் ஆத்துல இன்னும் கொஞ்சம் போய் பிளாக்ஸ்டோன் பூங்காவுல முடிஞ்சு வேன்ல ஃபோர்ட் சிம்ப்சன் கூட்டிட்டு வருவாங்க. பூங்கா ஆபீஸ்ல எல்லாரும் பத்திரமா வந்துட்டாங்கன்னு பதிவை முடிக்கற வேலை கைடோடது, முடிச்சாச்சான்னு ஒரு வார்த்தை கேட்டுக்கோங்க. டிப்ஸ் குடுக்க கேஷ் முன்னாடியே எடுத்து வச்சுடுங்க, ஊர்ல கடைசி நேரத்துல அலையாதீங்க. ரூமுக்கு வந்ததும் தூங்கற பை, கூடாரம், துணி எல்லாத்தையும் வெளிய எடுத்து விரிச்சுட்டுக் குளிக்கப் போங்க, ஈரத்தோட அமுக்கி வீட்டுக்குக் கொண்டு போனா ரெண்டே நாள்ல பூஞ்சை புடிச்சுடும். ஜிப்பையும் பூட்ஸையும் நல்ல தண்ணியில ரெண்டு தடவை அலசுங்க, அந்த மாவு மாதிரி மண்ணு முதல் அலசல்ல போகாது.